பிரித்த வீடும் இடித்த வீடும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு போகிறது என்றால், அதைச் சொல்ல எங்களிடம் இரண்டு சொற்கள் இருந்தன. "அந்த முக்கு வீட்டைப் பிரிக்கிறாங்க" என்பது ஒன்று. "அந்த முக்கு வீட்டை இடிக்கிறாங்க" என்பது இன்னொன்று. பிரிப்பது என்றால் ஓட்டை ஓடாக, மரத்தை மரமாக, கல்லைக் கல்லாக இறக்கி, அடுக்கி, எண்ணி, விலை பேசி, இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது. இடிப்பது என்றால் எல்லாவற்றையும் தூளாக்கி லாரியில் அள்ளுவது. இன்றைய பிள்ளைகள் இரண்டாவது சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணால் பார்ப்பது அதைத்தானே!

பழைய கதவு, பழைய தூண், பழைய தரைக்கல் இவற்றைத் தேடிப்பிடித்து வீட்டைப் புதுப்பிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பத்திரிகைகளில் வண்ணப்படங்களோடு எழுதுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் யாரோ நேற்றுக் கண்டுபிடித்த முறைபோல எழுதுகிறபோது எனக்கு வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அரசுக் கட்டடப் பணிகளில் மேற்பார்வையாளனாக 33 ஆண்டுகள் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. ஒரு வீட்டின் பொருள் இன்னொரு வீட்டுக்குப் போவது நம் ஊரில் எப்படி நடந்தது, எதனால் முடிந்தது, இப்போது ஏன் முடியாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

அரண்மனையே ஊர் மாறியது

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதை இது. 1636-ல் கட்டப்பட்டது திருமலை நாயக்கர் மகால். இன்று நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்ப்பது அதில் மிஞ்சிய ஒரு பகுதியைத்தான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, மகாலின் பல பகுதிகளைப் பிரித்து, அங்கே அரண்மனை கட்டுவதற்காகக் கொண்டுபோனார். பிறகு 1866-லிருந்து 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் எஞ்சியதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார்.

பேரன் தாத்தாவின் அரண்மனையைக் கலைத்தது சரியா என்று சரித்திர ஆசிரியர்கள் பேசட்டும். நான் பார்ப்பது வேறு. ராஜாவாக இருந்தாலும் வேலைப்பாடு செய்த மரமும் கல்லும் கைவசம் இருக்கும்போது புதிதாகச் செய்யச் சொல்ல மனம் வருவதில்லை. ராஜாவுக்கே அப்படி என்றால் குடியானவனுக்குக் கேட்க வேண்டாம். கூரை வீட்டை ஓட்டு வீடாக்கும்போது பழைய நிலையும் கதவும் புது வீட்டில் ஏறும். அந்த ஓட்டு வீடு மாடி வீடாகும்போது ஓடுகள் மாட்டுக்கொட்டகைக்குப் போகும், உத்திரம் கிணற்றடிக்குப் போகும். தேறாத மரம் கடைசியில் வெந்நீர் அடுப்புக்குப் போகும். இதற்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. வீட்டுச் செலவைப் பார்த்து நடந்துகொள்வது என்பதுதான் அதற்குப் பெயர்.

பர்மாவிலிருந்து வந்த மரம்

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு வருகிறேன். நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள். இப்போது எழுபத்தைந்துக்குப் பக்கம். அந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850-க்கும் 1940-களுக்கும் இடையில் கட்டப்பட்டவை. அந்தக் கால அளவுக்குக் காரணம் பர்மா.

1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காட்டை அழித்து நெல் வயலாக்க அந்த ஊர் விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. செட்டியார்கள் கொடுத்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது. கடை என்றால் வட்டிக்கடை. அந்த வருமானம் சீமைக்குத் திரும்பி வளவும் முகப்பும் ஆயிற்று. கூடவே பர்மாத் தேக்கும் வந்தது.

அந்தத் தேக்கை வெட்டிய விதத்தைச் சொல்லவேண்டும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் மரத்தை நிற்கிறபடியே விட்டு, அடியில் சுற்றிலும் பட்டையையும் அதை அடுத்த வெண்பகுதியையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் காய்ந்து, ஈரம் வற்றும். பிறகு வெட்டி, யானையைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் ஐராவதி வழியாக ரங்கூனுக்கு மிதக்கவிடுவார்கள். அங்கே அறுத்துக் கப்பலேற்றுவார்கள். காட்டிலேயே காய்ந்து, ஆற்றில் ஊறி, மறுபடி காய்ந்து வந்த மரம் அது. செட்டிநாட்டு வெயிலில் 100 ஆண்டுகள் நின்றும் பல கதவுகள் இன்னும் நெளியாமல் மூடுகின்றன என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈட்டுக்கு நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது; 1937-ல் அது சுமார் 25 சதவீதம். பர்மாக்காரர்களுக்கு அது ஆறாத புண்ணாயிற்று. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், பலர் கால்நடையாகவே. போருக்குப் பின் சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது.

ஆக, ஊரில் நின்ற வீடுகள்தான் மிச்சம். கட்டிய பணம் வந்த வழி அடைந்துவிட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்கு, இருபது பங்கு என்று ஆயிற்று. ஓட்டை மாற்றக்கூட எல்லாரும் சேர்ந்து பணம் போடவேண்டும். 'பிரிப்பது' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதை இங்கே கவனியுங்கள். பாகம் பிரிப்பதும் பிரிப்புத்தான், வீட்டைப் பிரிப்பதும் பிரிப்புத்தான். முதலாவது முடியாமல் போன இடத்தில்தான் பெரும்பாலும் இரண்டாவது நடந்தது. ஒரு வளவைப் பதினொன்றாக வெட்ட முடியாது. மரத்தை விற்ற பணத்தைப் பதினொன்றாக வகுக்கலாம்.

ஏன் பிரிக்க முடிந்தது?

இதுதான் என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த வீடுகளின் சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பைக் காளவாசலில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து மாடு கட்டிய செக்கில் அரைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். மேல்பூச்சு பல அடுக்கு. கடைசி அடுக்குக்கு வெண்ணெய் மாதிரி அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்குவார்கள்.

சுண்ணாம்புக் காரை மெதுவாகத்தான் இறுகும். செங்கல்லைவிடக் கெட்டியாக ஒருபோதும் ஆகாது. சுவரைப் பிரிக்கும்போது விடுவது காரைதான், செங்கல் அல்ல. சித்தாள் பெண்கள் நிழலில் உட்கார்ந்து கொத்துக் கரண்டியால் தட்டினால் காரை உதிர்ந்து முழுச் செங்கல் கையில் வரும். உதிர்ந்த காரை தரைக்கு அடியில் நிரப்பப் பயன்படும். உடைந்த செங்கலையும் இடித்துச் சுர்க்கியாக்கிப் புதுக்காரையில் சேர்ப்பார்கள். சிமெண்ட் கலவை இதற்கு நேர் எதிர். அது செங்கல்லைவிடக் கெட்டியாகிவிடுகிறது. தட்டினால் செங்கல் உடையும், கலவை விடாது.

மரவேலையும் அப்படித்தான். ஒரு மரத்தில் துளை, அடுத்த மரத்தில் அதற்குள் நுழையும் நாக்கு, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு மரமுளை. அந்த முளையைத் தட்டி எடுத்தால் இரண்டும் விலகும். மறுபடி சேர்த்து முளை அடித்தால் நிற்கும். தூண் தரையில் புதைந்திருக்காது. கல் பீடத்தின்மேல் உட்கார்ந்திருக்கும், அதனால் அடியில் செல்லரிப்பும் குறைவு.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் பூ அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பிக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியில் பட்ட முகம் பளபளப்பாக வந்துவிடும். மிதிக்க மிதிக்க மெருகு ஏறும். சுண்ணாம்பில் பதித்த கல்லைப் பொறுமையாகக் கெல்லினால் பாதிக்குமேல் முழுசாக எடுக்கலாம்.

"பின்னாளில் எவனாவது பிரிப்பான், அவனுக்கு வசதியாகக் கட்டுவோம்" என்று எந்தக் கொத்தனாரும் நினைத்திருக்கமாட்டார். அன்றிருந்த பொருளும் முறையும் அப்படி அமைந்தன. ஆனால் விளைவு என்னவோ அதுதான். ஒரு வீட்டின் ஆயுள் முடிந்தாலும் அதன் பொருளின் ஆயுள் முடியவில்லை.

பதினொரு பங்கு வீடு

1984-ல் ஒரு வீட்டைப் பிரித்ததை நான் கிட்ட இருந்து பார்த்தேன். பங்காளிகளில் ஒருவர் என் சிநேகிதர். மரத்தை வாங்குகிறவர் கன அடிக் கணக்கில் ஏமாற்றிவிடக் கூடாது, நீங்கள் வந்து அளந்து கொடுங்கள் என்று கேட்டார். சனி, ஞாயிறுகளில் போய் வந்தேன். வேலை நான்கு மாதம் நடந்தது.

பிரிப்பு மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மரத்திலும் காவியால் கோடும் புள்ளியும் போட்டு அடையாளம் வைத்தார். எந்தக் கைமரம் எந்த உத்திரத்தின்மேல் உட்கார்ந்தது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்வார். முதலில் கதவுகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். பிறகு ஓடு, அதன் அடியில் சட்டம், கைமரம், உத்திரம், அப்புறம் தூண்கள். சுவர் இறங்க இறங்க நிலைகள் விடுபட்டன. தலைவாசல் நிலைதான் கடைசி. கஜலட்சுமி செதுக்கிய நிலை அது. அதை எடுக்கும் அன்று மேஸ்திரி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். வீட்டுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. வரக்கூடாது என்று சாஸ்திரம் எதுவும் கிடையாது, அவர்களுக்கு மனசு வரவில்லை.

வளவில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை உண்டு. புள்ளி என்றால் கல்யாணமான ஒரு தம்பதி. அறைக் கதவுகள் எல்லாம் ஒரே வேலைப்பாடு, ஒரே அளவு. மொத்தமாக வாங்குகிறவருக்கு அதில்தான் லாபம். அந்த நேரத்தில் என் சிநேகிதரின் பெரியம்மா, எண்பதைத் தாண்டிய ஆச்சி, காரில் வந்து இறங்கினார். தன் அறைக் கதவு மட்டும் தனக்கு வேண்டும் என்றார். ஒன்று குறைந்தால் வரிசை உடையும், விலையும் உடையும் என்று வாங்குகிறவர் ஒற்றைக்காலில் நின்றார். பங்காளிகளுக்கும் சங்கடம்.

நான் மெதுவாகக் கேட்டேன், "ஆச்சி, கதவை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்ப இந்த அறையத்தான் குடுத்தாக தம்பி. அவுக ரங்கூன்ல இருந்த காலமெல்லாம் ராத்திரி இந்தக் கதவச் சாத்திக்கிட்டுத்தான் படுத்தேன். சும்மா கேக்கல. விலையப் போட்டு எங்க பங்குல கழிச்சுக்கச் சொல்லுங்க."

அப்படியே 600 ரூபாய் கழித்தார்கள். கதவு தேவகோட்டையில் மகள் வீட்டுக்குப் போய்ப் பூஜை அறைக்குக் கதவாயிற்று. பூஜை அறை வாசல் சிறியது. ஆசாரி கதவை அறுத்துச் சிறிதாக்கிவிடலாம் என்றாராம். ஆச்சி ஒப்பவில்லை. சுவரை வெட்டி வாசலைப் பெரிதாக்கி, கதவை முழுசாக மாட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய கதவுதான். ஆனால் நன்றாக மூடித் திறந்தது. மற்றப் பத்துக் கதவுகளும் எந்த ஊரில் இருக்கின்றனவோ!

எங்கே போயின?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து போனவர்களுக்குத் தெரியும். கடைக்குக் கடை தூண், கதவு, கண்ணாடி, பித்தளைச் சாமான். இப்போது பழந்தேக்கின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. தேக்கை முழு மரமாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரல் முதல் நிறுத்திவிட்டது. காட்டில் கிடைக்காத மரம் பழைய வீட்டில்தான் கிடைக்கும் என்றால் பழைய வீடே காடு ஆகிவிடுகிறது. இது எனக்குப் பயமாக இருக்கிறது. விழப்போகிற வீட்டிலிருந்து மரம் எடுப்பது ஒன்று. மரத்துக்காக நல்ல வீட்டை விழவைப்பது வேறு. முதலாவது மறுபயன், இரண்டாவது வெட்டுமரம்.

பிரித்ததை மரியாதையோடு சேர்த்த இடங்களும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவைப் பார்க்காதவர்கள் பேரப்பிள்ளைகளோடு ஒரு முறை போய் வாருங்கள். கேரளத்துக் கிறிஸ்தவர் வீடும் செட்டிநாட்டு வணிகர் வீடும் அங்கே நிற்கின்றன. சொந்தக்காரர்கள் வேண்டாம் என்று கைவிட்ட வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். ஆரம்பத்தில் அதற்குத் திட்டம் வகுத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் மறைந்தவர். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, சன்னல்களை மலிவாக வாங்கித் தாம் கட்டும் வீடுகளில் வைப்பது அவருடைய வழக்கம். கான்கிரீட் தளத்தில் அடிப்பாகம் பெரும்பாலும் சும்மா சுமையாக இருப்பது என்று கண்டு, அங்கே பழைய மங்களூர் ஓடுகளைப் புதைத்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்தினார். வீட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓடுகள் வரிசையாகத் தெரியும். மழைக்கு ஒழுகுகிறது என்று தூக்கி எறியும் ஓட்டுக்கு அப்படி ஒரு வேலை கொடுத்த மனிதர் அவர். செலவு குறைந்தது, அழகும் வந்தது.

செட்டிநாட்டிலேயே சில வீடுகளை அப்படியே வைத்துப் பழுது பார்த்து விடுதிகளாக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு இரவுக்கு ஆகும் செலவு நமக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். ஆனால் கதவு அதே நிலையில், தூண் அதே கல்லில், கொத்தனாரும் ஆசாரியும் அதே ஊர். என் கணக்கில் அதற்குத்தான் முதல் மார்க். கதவைக் கழற்றிக் கொண்டுபோகலாம். அந்தத் தடிச் சுவரின் குளிர்ச்சியையும் முற்றத்துக் காற்றையும் எந்த லாரியில் ஏற்றுவது?

நம் காலத்து வீடு

1970-களுக்குப் பிறகு நாம் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். கம்பி, ஜல்லி, சிமெண்ட். மழைக்கு ஒழுகாது, கரையான் ஏறாது, சீக்கிரம் முடியும், கையில் இருக்கிற பணத்துக்கு அடங்கும். நம் தலைமுறையில் மாதச் சம்பளக்காரன் வீட்டுக்காரன் ஆனது அதனால்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த வீட்டின் ஆயுள் முடிந்தபிறகு என்ன தேறும்? சம்மட்டியால் அடித்துக் கம்பியை உருவி எடைக்குப் போடலாம். மரத்தில் இருந்தால் கதவு, சன்னல். மிச்சம் எல்லாம் கட்டட இடிபாடு. அதைக் கொட்ட இடம் தேடி ராத்திரியில் லாரி அலைகிறது. எங்கள் ஊர்க் கண்மாயின் ஒரு ஓரம் இப்படித்தான் மேடானது. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று மத்திய அரசு 2016-ல் தனி விதிகளே கொண்டுவரவேண்டி வந்தது. நொறுக்கி ஜல்லியாகவும் மணலாகவும் திரும்ப எடுக்கலாம். அதற்கு ஆலை வேண்டும், மின்சாரம் வேண்டும், அங்கே கொண்டுசேர்க்க டீசல் வேண்டும். சித்தாள் பெண் நிழலில் உட்கார்ந்து தட்டி எடுத்த செங்கலுக்கு இது ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. சுண்ணாம்பைச் சுட ஏறக்குறைய 900 டிகிரி வெப்பம் போதும். அது சுவரில் இறுகும்போது வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். சிமெண்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். உலகத்தில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. ஆகவே நின்றுகொண்டிருக்கும் ஒரு கான்கிரீட் வீட்டை இடித்துவிட்டு, 'பசுமை வீடு' என்று பெயர் வைத்து இன்னொன்று கட்டுவதில் எவ்வளவு பசுமை இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

புதுப்பிக்கிறவர்களுக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. 1988-ல் கட்டிய வீடு. இடித்துவிட்டுக் கட்டிவிடலாம் அப்பா என்றான் மகன். சுவரையும் தளத்தையும் சோதித்துப் பார்த்ததில் இன்னும் முப்பது வருஷம் தாங்கும் என்று தெரிந்தது. மொசைக் தரையை எடுக்காமல் பாலிஷ் போட்டோம். பரணிலிருந்த தேக்குப் பலகைகளைச் சீவிப் பார்த்தால் உள்ளே பொன்னிறம்; அவை சமையலறை அலமாரிகள் ஆயின. முன்திண்ணைக்கு, பிரித்த வீட்டு ஆத்தங்குடிக் கல் 64 கிடைத்தது. நான்கில் முனை உடைந்திருந்தது; அவற்றைச் சுவரோரம் வைத்துப் பதித்தோம். பேத்தி வந்து அதன்மேல் பாண்டி ஆடுகிறாள்.

அந்த அனுபவத்திலும் பழைய வேலை அனுபவத்திலும் சில சொல்கிறேன்.

முதலில், இருக்கிற வீட்டை இருக்க விடுங்கள். பழையதை வாங்கி அலங்கரிப்பதைவிட, இருப்பதை எடுக்காமல் இருப்பது பெரிய சிக்கனம்.

சுண்ணாம்புச் சுவரின் ஓட்டையைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியேவிடும். சிமெண்ட் பூச்சு அதன் வாயைப் பொத்திவிடும். ஈரம் உள்ளேயே தங்கிச் சுற்றியிருக்கும் பழைய பூச்சும் பொரிந்து விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். தேடினால் கிடைப்பார்கள், வேலை கொடுத்தால் அவர்களுடைய பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.

பழைய மரம் வாங்கும்போது மேல் வண்ணத்தைப் பார்க்காதீர்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் சீவிக் காட்டச் சொல்லுங்கள். தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே செல்லரித்திருக்கும். அறுக்கக் கொடுக்குமுன் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ரம்பத்தின் பல் போகும்.

கதவைக் கதவாகவே வையுங்கள். கதவைப் படுக்கவைத்துக் கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்குகிறார்கள், தூணை அறுத்து விளக்குத்தண்டு ஆக்குகிறார்கள். வேறு வழியில்லாத உடைந்த பொருளுக்கு அது சரி. முழுப் பொருளை அறுத்துவிட்டால் அதற்கு அடுத்த வீடு கிடையாது. தேவகோட்டை ஆச்சி சுவரைத்தான் வெட்டச் சொன்னார், கதவை அல்ல.

கடைசியாக ஒன்று. கடையில் நிற்கும் கதவுகளில் விலைச்சீட்டு இருக்கிறது, ஊர்ப் பெயர் இல்லை. நூறு ஆண்டு ஒரு குடும்பம் திறந்து மூடிய கதவு, லாரியில் ஏறிய மறுநாள் அனாதையாகிவிடுகிறது. உங்கள் வீட்டில் பழைய நிலையோ கதவோ இருந்தால், விற்றாலும் வைத்துக்கொண்டாலும், பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் எந்த ஊர், எந்த வீடு, எந்த ஆண்டு எடுத்தது என்று ஆசாரியிடம் சொல்லி உளியால் மூன்று வரி செதுக்கிவையுங்கள். பத்து நிமிட வேலை. வண்ணத்தில் எழுதினால் அடுத்தவர் சுரண்டிவிடுவார். உளியால் செதுக்கினால் அந்த மரம் இருக்கும்வரை இருக்கும்.